இலேசம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாம் ஆண்டுக்கு இன்று அணியிலக்கணம் தொடங்கினேன். முதல் பாடவேளை. எப்போதும் போல உவமையில் ஆரம்பம். செய்யுளுக்குப் போகும் முன் அவரவர் வீட்டுப் பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டும் என்பது என் வகுப்பின் வழக்கம். ரோஸ்லின் எழுந்து, "எங்கம்மா எங்கண்ணன எழுப்பும்போது, மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கெடக்கான் பாருன்னு வைவாங்க மேம்" என்றாள். பக்கத்திலிருந்த முத்துச்செல்வி விடவில்லை. "எங்க வீட்ல மாதிரியெல்லாம் கெடையாது மேம். நேரா மலைப்பாம்பேதான்." உவமையிலிருந்து உருவகத்துக்கு நான் போட வேண்டிய பாலத்தை அவளே போட்டுவிட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூர்த்தி வியாழக்கிழமை இறந்தான்.

என் ஒரே தம்பி. ஓமனில் குளிர்சாதன வேலை. இரவு படுத்தவன் காலையில் எழவில்லை என்று அவன் அறையில் தங்கியிருப்பவர் போன் செய்தார். இதயம்தான் என்கிறார்கள். நாற்பத்தொரு வயது. அங்கே ஆவணங்கள் தயாராகி உடல் வந்து சேர இன்னும் சில நாள் ஆகும். அவன் மனைவி உலகுவின் ஊர் தென்காசி, அவளும் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். காரியங்களும் அங்கேயே.

அம்மாவுக்குத் தெரியாது.

அம்மாவுக்குப் போன மாதம்தான் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாளையங்கோட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்து வந்துவிட்டோம். இருமினால் தையல் இழுக்கும் என்று ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டே இருக்கிறாள். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வெள்ளிக்கிழமை எங்கள் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் முடிவைச் சொன்னார். "இந்தச் சேதிய இப்ப சொன்னா ரெண்டு பொணம் விழும். நல்லா தேறட்டும். பொறவு நானே சொல்லுதேன்." என் கணவர், "அத்தைக்குத் தெரியாம கொண்டு போய் எரிச்சிர முடியுமா மாமா? கூட இருந்து சொல்லிரலாம்" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மாமா பக்கம் பேசினேன். டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவர், அதிர்ச்சி ஏதும் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால்தான்.

அம்மாவின் போனை எடுத்து வைத்துவிட்டேன். சார்ஜ் ஏறவில்லை, கடையில் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மாவுக்குக் காலை இரண்டு இட்லி. மதியம் ரசம் சாதம், பாதிதான். எடை குறைந்திருக்கிறது. உலகு போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

செங்கோட்டையில் கருத்தரங்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விடிகாலையில் கிளம்பினோம். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு இருந்தாள். திருவனந்தபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் எட்டு மணிக்கு வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். பார்த்தேன். மாமாவின் மகன் கொள்ளி வைத்தான்.

உலகு வீட்டுக் கொல்லையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயாமலே திரும்பினேன். அம்மா ஈரத் தலையைப் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, கருத்தரங்குல தலைக்கு ஊத்தியா விட்டாங்க?"

"பக்கத்துலதானம்மா குத்தாலம். டீச்சர்ஸ் எல்லாரும் போனோம்."

"தண்ணி நல்லா விழுதா?"

"விழுது."

"சீசன் நேரம். கூட்டமா இருந்திருக்குமே."

"இருந்தது" என்றேன். தெருவே நிறைந்திருந்தது. அதில் பொய் இல்லை.

"கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"அருவித் தண்ணி பட்டா அப்படித்தாம்மா."

"ஜலதோசம் பிடிச்சிராம. தலையத் தொவட்டு." தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டே எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஓமனில் வெள்ளிக்கிழமை விடுமுறை. மூர்த்தி மறக்காமல் அம்மாவைக் கூப்பிடுகிற நாள். அம்மா காலையிலேயே நாற்காலியை முற்றத்துப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாள். வீட்டுக்குள் அவன் குரல் விட்டு விட்டு வருமாம். பதினொரு மணிக்கு என் போனைக் கேட்டாள். நான் கல்லூரிக்கு மதியம்தான் போக வேண்டியிருந்தது, தப்பிக்க வழியில்லை.

பாலைவனத்துக்குள்ளே புது இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், டவர் கிடையாது என்றேன்.

"ஆபரேசன் ஆன அம்மைட்ட ஒரு வார்த்த பேசாம போயிட்டானா?"

"நீ தூங்கிட்டு இருந்தம்மா. எனக்கு மெசேஜ் அனுப்பிருக்கான்."

"போடு, கேப்போம்."

போட்டேன். போன மாதம் அனுப்பிய குரல் பதிவு. அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது எனக்கு அனுப்பியது. "எக்கா, அம்மா கண்ணு முழிச்சாச்சா? ஒண்ணும் சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிப்பா, நீ விட்ராத. நான் அடுத்த மாசம் லீவு கேட்டிருக்கேன். பாப்போம். சரி, வைக்கேன்." அவ்வளவுதான்.

அம்மா காதோடு அணைத்துக் கேட்டாள். "இன்னொருக்கப் போடு" என்றாள். கேட்டுவிட்டு, "சளி பிடிச்சிருக்கு இவனுக்கு. ஏசிக்குள்ளயே கெடந்தா என்ன ஆகும்" என்றாள்.

நம்பிவிட்டாள். சமாளித்துவிட்டேன்.

மதியம் வகுப்பில் வஞ்சப் புகழ்ச்சி. ரோஸ்லின் மறுபடியும் அண்ணனைக் கொண்டுவந்தாள். "மகாராஜா எந்திரிச்சாச்சா, அதுக்குள்ள ஏன் செரமப்பட்டீங்க, சாயந்தரம் எந்திரிச்சாப் போதாதா?" அந்த அண்ணன் இந்தப் பருவம் முழுவதற்கும் போதுமான எடுத்துக்காட்டு. அவனை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுத வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

இன்றும் நாளையும் ஆட்கள் வருவார்கள். தடுக்க முடியாது. மூர்த்திக்காக என்னிடம் துக்கம் கேட்க வர வேண்டும், அம்மாவையும் நோய் பார்க்க வர வேண்டும். இரண்டையும் ஒரே வருகையில் முடித்துக்கொள்கிறார்கள். வாசல் கேட்டிலேயே நின்று ஒவ்வொருவரையும் மறித்துப் பாடம் எடுத்தேன். அழக் கூடாது. மூர்த்தி பேச்சை நீங்களாக எடுக்கக் கூடாது. அம்மா கேட்டால் பாலைவனம், டவர் இல்லை. ஆபரேஷனைப் பற்றி மட்டும் பேச வேண்டும். உதட்டில் சிரிப்பு இருக்க வேண்டும்.

அம்மாவின் அக்கா, பெரியம்மை, கேட்டிலேயே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுது தீர்த்துவிட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். போனவள், "என்னட்டி, எனக்கு முன்னால போயிரலாம்னு பாத்தியா? விடுவனா?" என்றாளே, நானே அசந்துபோனேன். அம்மாவும் சளைக்கவில்லை. "நீ போய் எடம் பிடி, நான் மெதுவா வாரேன்." இருவரும் சிரித்தார்கள். பெரியம்மை ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் வைத்தாள், தையலைப் பார்த்தாள், மாத்திரை எத்தனை என்று கேட்டாள். பேசிக்கொண்டிருந்தவள் எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். கேட்டருகே என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

அத்தை, மாமாவின் மகள், பழைய தெருவிலிருந்து இரண்டு பேர். ஒருவர்கூடச் சொதப்பவில்லை. ஆப்பிளும் மாதுளையும் சேர்ந்து ஃப்ரிட்ஜ் நிறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றும் அப்படியே. மாமா வந்தார். அம்மாவிடம் அவள் சின்ன வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பாதிக் கதையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். "பாத்தியா, எவ்வளவு தெளிவா இருக்கா. நல்ல முடிவுதான் எடுத்தோம்" என்றார் வெளியே வந்து.

அவர் போன பிறகு அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசதி போலிருக்கிறது. சீக்கிரமே படுக்கிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இலேச அணி எடுத்தேன். எனக்குப் பிடித்த அணி. மனத்தில் உள்ளது உடலில் தெரிந்துவிடும்போது, அதை வேறொன்றின்மேல் போட்டு மறைத்துப் பேசுவது. காதலனை நினைத்து அழுகிறவள், தோழி கேட்டதும், கண்ணில் பூந்தாது விழுந்துவிட்டது என்று சொல்வாள். கண்ணீர் மெய், காரணம் பொய். மறைக்கிறவள் தான் மறைக்கிறோம் என்று அறிவாள். கேட்கிறவளும் பெரும்பாலும் அறிவாள். அறிந்தும் விட்டுவிடுவாள். அந்த விட்டுவிடுதல்தான் இந்த அணியின் அழகு என்று சொன்னேன்.

"இது சினிமால எல்லாரும் பண்றதுதானே மேம்? வெங்காயம் உரிச்சேன்னு" என்றாள் முத்துச்செல்வி.

"அது சரி, தோழிக்குத் தெரியும்னு எப்படி மேம் சொல்றீங்க? பாட்டுல தோழி ஒண்ணும் சொல்லலயே" என்றாள் ரோஸ்லின்.

நல்ல கேள்வி. தோழி மேலும் கேட்காமல் இருக்கிறாளே, அதுதான் சான்று என்றேன். இருபத்திரண்டு ஆண்டாகச் சொல்லிவருகிற பதில்.

சாயங்காலம் பூஜையறையில் விளக்கேற்றப் போனேன். அம்மா கூடத்திலிருந்து, "வேண்டாம்ட்டி. எண்ணெய்ப் புகை தொண்டையக் கமறுது. இருமுனா தையல் இழுக்கு. கொஞ்ச நாளைக்கு ஏத்தாத" என்றாள். அவளும் அந்தப் பக்கமே போவதில்லை. ஆபரேஷன் முடிந்து வந்த அன்றைக்கே நடுங்கிய காலோடு போய் விளக்குக்கு முன்னால் நின்றவள். மருத்துவரிடம் இருமலைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபரிசோதனை. எக்கோ நன்றாக இருக்கிறது. தையல் ஆறிவிட்டது. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, இருமலுக்குக் காரணம் எதுவும் இல்லை என்றார் மருத்துவர். அம்மாவைச் செவிலியுடன் எடை பார்க்க அனுப்பிவிட்டு மூர்த்தி விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னுமா சொல்லல? சொல்லலாம்மா. காலை மாத்திரை போட்ட பிறகு, பக்கத்துல இருந்து, நிதானமா சொல்லுங்க. ஏதாவது ஆனா உடனே கொண்டு வாங்க. வெளியாள் வாயால தெரிஞ்சாத்தான் கஷ்டம்."

வரும் வழியில் சொல்லியிருக்கலாம். ஆட்டோவில் சத்தம். வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் பசி. பிறகு அவள் தூங்கிவிட்டாள். எழுந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டாள்.

"என்ன சொன்னார் டாக்டர்?" என்றார் கணவர்.

"இன்னும் ஒரு மாசம் கவனமா இருக்கணும்னார்" என்றேன். உணவு விஷயத்தில் அப்படித்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 13, புதன்

உலகு கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம்.

"மதினி, அத்தைக்கு எப்ப சொல்லப் போறீங்க?"

"சொல்லணும். நேரம் பாத்துட்டு இருக்கேன்."

"அன்னைக்கு முகத்தத்தான் பாக்க விடல. பதினாறுக்கும் இல்லன்னா, நாளைக்கு அவங்க என்னையத்தான கேப்பாங்க? எம்புள்ளைக்கு செய்ய வேண்டியதுல எனக்குப் பங்கில்லையான்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார், உலகு."

"அவங்ககிட்ட ஒருக்க போனக் குடுங்க, நான் ஒண்ணும் சொல்லிர மாட்டேன். சாப்பிட்டீங்களா அத்தைன்னு மட்டும் கேக்கேன்" என்றாள். அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேன். அம்மா எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கீரைக்குக் குனிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டாம் ஆண்டுக்குச் சிறு தேர்வு வைத்தேன். தாள்களைக் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். திருத்தவில்லை.

அம்மா இந்த வாரம் முழுக்க மூர்த்தி எப்போது பேசுவான் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பாலைவனக் கதை நன்றாக வேரூன்றிவிட்டது. இன்று மட்டும், மாலைக் காப்பிக்குப் பிறகு, "அந்த மெசேஜ ஒருக்கப் போடு" என்றாள். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். "சரி, வைக்கேன்" என்று அவன் முடிக்கும் இடம் வந்ததும் தலையை ஆட்டினாள், எதிரில் இருக்கிறவனுக்கு விடை கொடுக்கிற மாதிரி.

பிறகு, "நாளைக்கு லீவுதான?" என்றாள்.

"இல்லம்மா, தென்காசிப் பக்கம் ஒரு கருத்தரங்கு."

"ஆகஸ்டு பதினஞ்சுலயா?"

"சுதந்திர தினச் சிறப்புக் கருத்தரங்கு."

"ம்" என்றாள். "பீரோல அந்த சாம்பக் கலர் நூல் சேல இருக்கும். எடுத்து வெளிய வையி. இது உடம்ப அறுக்கு."

எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். குளித்து, சாம்பல் நிறச் சேலையை உடுத்தியிருந்தாள். நெஞ்சோடு தலையணை. காலடியில் ஒரு மஞ்சள் பை, அதில் மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டேன் என்று அவளாகவே சொன்னாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"தென்காசிக்கு. நானும் வாரேன்."

"கருத்தரங்குக்கா?" என்று கேட்டேன். அந்த நிமிடத்திலும் அப்படித்தான் கேட்டேன்.

அம்மா கோபப்படவில்லை. அவள் முகத்தில் எரிச்சல் மட்டும்தான் இருந்தது, பால் பொங்கி வழியும்போது வருமே, அந்த அளவு.

"போதும்ட்டி வடிவு."

என் கணவர் குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். யார் சொன்னது என்று கேட்டேன். மாமாவா, பக்கத்து வீட்டு அக்காவா, உலகு ஏதாவது வழியில் பேசினாளா?

"ஒருத்தரும் சொல்லல. நீ சொல்லிக்குடுத்தத எல்லாரும் நல்லா ஒப்பிச்சாங்க. எங்கக்கா சிரிச்சா பாரு, எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு." தலையணையைச் சற்று இறக்கி வைத்துக்கொண்டாள். "ஆனா வந்தவங்கள்ல ஒருத்தராவது 'போயிட்டு வாரேன்'னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்களா? எங்கக்கா, எங்கண்ணன், அந்தத் தெருக்காரங்க. அத்தன பேரும் பேசிட்டே இருந்துட்டு வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போனாங்க. சீக்குக்காரி வீட்லயிருந்து அப்படியா போவாங்க? துக்க வீட்லயிருந்துதான் அப்படிப் போவாங்க."

நான் கேட்டில் நின்று என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. யாரும் யோசித்துச் செய்ததில்லை அது. பிறந்ததிலிருந்து பழகிய கால், துக்கத்துக்கு வந்தால் சொல்லாமல்தான் இறங்கும். ஒவ்வொருவர் பின்னாலும் நானும்தான் வாசல் வரை போனேன். எனக்குத் தெரியவில்லை.

"மொதல்ல எங்கக்கா போனப்ப, மறந்துட்டா போலன்னு நெனச்சேன். ரெண்டாவது ஆளு போனப்ப எண்ண ஆரம்பிச்சேன். எங்கண்ணன் துண்ட உதறிட்டுப் போனப்ப தெரிஞ்சுபோச்சு. வீட்ல நீ இருக்க, மாப்பிள்ளை இருக்காரு. சேதி வராதவன் ஒருத்தன்தான்."

"அப்பவே ஏம்மா கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவ? இல்லம்மா, நல்லாருக்கான்னு சொல்லுவ. எம்புள்ள செத்த பொறவு அவன் நல்லாருக்கான்னு நான் உன் வாயால கேக்கணுமா?" முதல் முறையாகக் குரல் உடைந்தது. இருமல் வந்தது. தலையணையை இறுக்கிக்கொண்டாள். நான் ஓடிப்போய் முதுகைத் தாங்கினேன். இருமல் நின்றதும் என் கையை விலக்கினாள். "நீயா வந்து சொல்லுவன்னு பாத்துட்டே இருந்தேன். டாக்டர்கிட்ட என்னைய வெளிய அனுப்பிட்டுப் பேசுன. சரி, இன்னைக்குச் சொல்லிருவான்னு ஆட்டோல ஒன் மொகத்தையே பாத்துட்டு வந்தேன். நீ என் நெஞ்சுக்குப் பயந்தியா, இல்ல ஒன் வாய்க்குப் பயந்தியா?"

அதற்கான பதிலை இங்கேயும் எழுதவில்லை.

என் கணவர்தான் வந்து அம்மாவின் பையை எடுத்தார். "வாங்க அத்தை. மெதுவா ஓட்டுதேன்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "டாக்டர் சொல்லலாம்னு சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா முன்னிருக்கையில். பெல்ட்டைத் தலையணைக்கு மேலாகப் போட்டுவிட்டேன். நான் பின்னால். வழியில் பள்ளிக்கூடங்களில் கொடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சாலையை மறித்துப் போனார்கள். ஆலங்குளம் தாண்டினோம். காற்றாலைகள் தெரியத் தொடங்கியபோது, திரும்பாமலே கேட்டாள்.

"மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்மா."

"எப்படி இருந்துச்சு?"

"தூங்குற மாதிரி இருந்தான்மா."

"எல்லாச் சாவுக்கும் சொல்லுதது அது. எங்கப்பா செத்தப்பவும் சொன்னாங்க, ஒங்கப்பா செத்தப்பவும் சொன்னாங்க. ரெண்டையும் நான் பாத்திருக்கேன். ஒருத்தரும் தூங்கல." அவள் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. "மாதிரி வேண்டாம். என்ன பாத்தியோ அதச் சொல்லு. நான் பாக்கலல்லா."

நான் சன்னலைப் பார்த்தேன். பிறகு சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"முகம் கறுத்திருந்தது. ரொம்ப நாள் ஐஸ்ல இருந்ததால. கன்னம் வீங்கியிருந்தது. மூக்குல பஞ்சு வச்சிருந்தாங்க. வாய் கொஞ்சம் தெறந்திருந்தது, தாடைய வேட்டித் துணியால தலையோட சேத்துக் கட்டியிருந்தாங்க. எடது கண்ணு முழுசா மூடல. உள்ள வெள்ள மட்டும் தெரிஞ்சது. முன்நெத்தியில முடி இன்னும் கொட்டியிருந்தது. உதடு வெடிச்சிருந்தது. தோள் வரைக்கும்தான் பாக்க விட்டாங்க. உலகு நெத்தியத் தொட்டா. சில்லுன்னு இருக்கு மதினி, போர்வை குடுங்கன்னு கேட்டா. பாப்பாவ ரொம்பப் பக்கத்துல விடல. நான் கன்னத்தத் தொட்டேன். கெட்டியா இருந்தது."

கார் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. என் கணவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். முடித்ததும், "சேவிங் பண்ணியிருந்தாங்களா?" என்றாள்.

"பண்ணியிருந்தது. மீசையே இல்லம்மா."

அம்மா அப்போதுதான் திரும்பினாள். திரும்பக் கூடாது, நெஞ்செலும்புக்கு ஆகாது. பெல்ட்டையும் தலையணையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மீசைய எடுத்துட்டானா?"

"ஆமா."

"கல்யாணத்துக்குக்கூட எடுக்கலயே. எப்ப எடுத்தான்?"

"தெரியலம்மா."

"ஆபரேசனுக்கு மொத நா வீடியோல பேசினப்ப இருந்துச்சு. நான் பாத்தேன்." முன்னால் திரும்பிக்கொண்டாள். பாவூர்சத்திரம் வந்தது, போனது. அவள் தோள்கள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை. இருக்கையின் இடைவெளியில் கையை விட்டு அவள் தோளைப் பிடித்தேன். விலக்கவில்லை.

தென்காசியில் பந்தலில் இருந்தவர்கள் அம்மாவைப் பார்த்ததும் பெருங்குரலெடுத்து எழுந்தார்கள். மாமா வெலவெலத்து, "யாரு சொன்னா, யாரு கூட்டிட்டு வந்தது" என்று என்னிடம் வந்தார். அம்மா யாரையும் நின்று பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளறைக்குப் போனாள். உலகு சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மாவால் குனிய முடியாது. நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்து உலகுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். வெளியே புரோகிதர் நேரமாகிறது என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

அழுகை கொஞ்சம் அடங்கியபோது அம்மா உலகுவின் முகத்தை நிமிர்த்தினாள்.

"மீசைய எப்பட்டி எடுத்தான்?"

உலகு அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எங்கிட்டயும் சொல்லல அத்தை. பெட்டியத் தொறந்தப்பதான் நானும் பாத்தேன்" என்றாள்.